கையோடு வரும் மரக்குமிழ்

மாடிப்படி தொடங்கும் இடத்தில், கைப்பிடிக் கம்பத்தின் உச்சியில் ஒரு மரக்குமிழ். பழைய வீடு. குமிழ் சரியாகப் பொருந்தாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை, தலையில் இடி விழுந்தவன் போல வீட்டுக்கு வரும் ஒருவன், சளிக்காய்ச்சலில் படுத்திருக்கும் சின்ன மகளைப் பார்க்க மாடியேறுகிறான். கம்பத்தைப் பிடித்ததும் குமிழ் கையோடு வந்துவிடுகிறது. ஒரு நொடி அதை வீசி எறிந்துவிடுவான் போல நிற்கிறான். அப்புறம் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மேலே போகிறான். அதே இரவு, செத்துப் பிழைத்தவன் போல அந்த வீட்டுக்குள் மறுபடி ஓடி வருகிறான். அதே படி, அதே கம்பம். குமிழ் மறுபடியும் கையில் வருகிறது. இந்த முறை அதற்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பப் பொருத்துகிறான்.

1946இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் இதுதான். குமிழை யாரும் சரிசெய்யவில்லை. அது ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. மாறியவன் அதைப் பிடித்தவன் மட்டும். இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை அமெரிக்கக் குடும்பங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் உட்கார்ந்து பார்க்கின்றன. 2006இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம், மனத்துக்குத் தெம்பு தரும் நூறு படங்களைப் பட்டியலிட்டபோது முதல் இடம் இதற்குத்தான். வெளியான காலத்தில் போட்ட பணத்தைக்கூடச் சரியாக எடுக்காத படம் இது என்பதையும், இதன் நடுவில் நிற்பது பாலத்திலிருந்து குதித்துச் சாகப் பார்க்கும் ஒரு மனிதன் என்பதையும் சேர்த்து யோசித்தால், இந்த நீடித்த அன்பு அவ்வளவு எளிதில் விளங்கிவிடாது.

கதையைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் பெய்லி. சின்ன வயதில், பனியில் உறைந்த குளத்தில் விழுந்த தம்பி ஹாரியைக் காப்பாற்றப்போய் இடது காதின் கேட்கும் திறனை இழக்கிறான். உலகம் சுற்ற வேண்டும், பாலங்களும் பெரிய கட்டடங்களும் கட்ட வேண்டும் என்பது அவன் கனவு. கிளம்பும் நேரத்தில் அப்பா இறந்துபோகிறார். அவர் நடத்திவந்த சின்ன வீட்டுக்கடன் சங்கத்தை, ஊரையே வளைத்துப் போடத் துடிக்கும் பணக்காரன் பாட்டரிடமிருந்து காப்பாற்ற ஜார்ஜ் தங்கிவிடுகிறான். கல்லூரிக்கு வைத்திருந்த பணத்தில் தம்பி படிக்கிறான். தேனிலவுக்கு வைத்திருந்த பணம் சங்கத்தின் கதவைத் திறந்து வைக்கச் செலவாகிறது. போர் வருகிறது, காது கேட்காததால் ஜார்ஜை ராணுவம் எடுக்கவில்லை. தம்பி கடற்படை விமானியாகப் புகழ் பெறுகிறான். 1945 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், மறதிக்காரச் சித்தப்பா பில்லி சங்கத்தின் 8,000 டாலரைத் தொலைக்கிறார். அது பாட்டரின் கையில் சிக்குகிறது. அவன் வாய் திறப்பதில்லை. ஜார்ஜ் பாலத்துக்குப் போகிறான். அங்கே கிளாரன்ஸ் என்ற, இன்னும் சிறகு கிடைக்காத தேவதூதர், 'நீ பிறக்காமலே இருந்திருந்தால் இந்த ஊர் எப்படி இருந்திருக்கும்' என்று காட்டுகிறார்.

இந்தக் கரு ஒரு வாழ்த்து அட்டையாகத்தான் முதலில் வெளியே வந்தது. ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்ற எழுத்தாளர், 1938இல் ஒரு கனவிலிருந்து பிடித்த கதை. எழுதி முடித்து எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினாலும் திரும்பி வந்தது. கடைசியில் அவரே 200 பிரதிகள் அச்சடித்து, 1943 கிறிஸ்துமஸுக்கு நண்பர்களுக்கு வாழ்த்தாக அனுப்பினார். அதில் ஒன்று ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவின் கவனத்துக்கு வந்தது. 10,000 டாலருக்கு உரிமை வாங்கினார்கள். கேரி கிராண்டை வைத்து எடுக்கலாம் என்று பலரை வைத்துத் திரைக்கதை எழுதிப் பார்த்தும் கூடிவரவில்லை. போர் முடிந்து திரும்பிய காப்ராவின் கையில் கதை வந்து சேர்ந்தது.

அந்த மூலக்கதையில் நாயகன் ஒரு வங்கி எழுத்தர். வேலை சலித்துப்போனவன். பாட்டர் கிடையாது, வீட்டுக்கடன் சங்கம் கிடையாது, பணம் எடுக்க முண்டியடிக்கும் கூட்டம் கிடையாது. பிறக்காமல் போயிருந்தால் என்ற விநோதம் மட்டும்தான் அங்கே இருந்தது. ஃபிரான்சிஸ் குட்ரிச், ஆல்பர்ட் ஹேக்கெட் தம்பதியும் காப்ராவும் திரைக்கதையில் செய்த பெரிய காரியம், அந்த விநோதத்துக்கு முன்னால் ஒரு முழு வாழ்க்கையைக் கட்டியது. படம் 130 நிமிடம். தேவதூதர் வந்து வேலையைத் தொடங்குவதற்குள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. அதுவரை நாம் பார்ப்பது, ஒரு மனிதன் தனக்கு வேண்டியதை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பதைத்தான். இந்தப் படத்தை நினைத்தால் பலருக்கும் தேவதூதரும், அவருக்குச் சிறகு கிடைத்ததைச் சொல்லும் மணியோசையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் படத்தின் எடை இருப்பது அந்த ஒன்றரை மணி நேரத்தில்.

காப்ராவுக்கும் கதாநாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கும் போருக்குப் பிந்தைய முதல் படம் இது. காப்ரா சிசிலித் தீவில் பிறந்து, 1903இல் ஆறு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். 1930களில் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை மூன்று முறை வாங்கியவர். போர்க்காலத்தில் ராணுவத்துக்காக ஆவணப்படங்கள் எடுத்தார். ஸ்டூவர்ட் 1941இலேயே படையில் சேர்ந்து, பி-24 குண்டுவீச்சு விமானத்தில் 20 தாக்குதல் பறப்புகளுக்குப் போய்வந்து, கர்னலாகத் திரும்பியவர். போருக்கு முந்தைய படங்களில் அவர் முகத்தில் இருந்த வெள்ளந்தியான இளமை இதில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. சித்தப்பா பில்லியின் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கத்தும் இடத்தில் அந்த முகத்தைப் பாருங்கள். நடிப்பு என்றே தோன்றாது.

படப்பிடிப்பு 1946 ஏப்ரல் முதல் ஜூலை வரை, கலிபோர்னிய வெயிலில் நடந்தது. என்சினோவில் ஆர்.கே.ஓ.வுக்கு இருந்த இடத்தில் நான்கு ஏக்கரில் பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் எழும்பியது: 75 கடைகளும் கட்டடங்களும், வேரோடு கொண்டுவந்து நட்ட 20 ஓக் மரங்களும், நீண்ட கடைத்தெருவும். பனிக்கு என்ன செய்வது? அதுவரை ஹாலிவுட்டில் வெள்ளை பூசிய கார்ன் ஃபிளேக்ஸைத் தூவுவார்கள். மேலே நடந்தால் நொறுங்கும் சத்தம் வரும். வசனத்தைப் பிறகு தனியாகப் பதிவு செய்ய வேண்டும். காப்ரா அதை விரும்பவில்லை. தீயணைப்பான் நுரை, சோப்பு, தண்ணீர் எல்லாம் கலந்து, காற்றாடி முன்னால் பீய்ச்சி அடிக்கும் புது வகைப் பனியை ஸ்டுடியோவின் தனிவிளைவுப் பிரிவு உருவாக்கியது. சத்தமே போடாமல் விழும் பனி. படம் ஐந்து பிரிவுகளில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஐந்திலும் தோற்றது. பனி தயாரித்தவர்களுக்கு மட்டும் தொழில்நுட்ப விருது கிடைத்தது. பாலத்துக் காட்சியில் ஜார்ஜின் முகத்தில் வியர்வை பளபளப்பதைக் கவனிக்கலாம். கோட்டும் பனியுமாக அவ்வளவு குளிரில் எதற்கு வியர்வை என்று நமக்கு உறைப்பதே இல்லை. அந்தத் தவிப்புக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் படம் என்ற பெயரும் பாதி தற்செயல்தான். 1947 ஜனவரியில் வெளியிடுவதாகத்தான் திட்டம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆர்.கே.ஓ. வைத்திருந்த வண்ணப் படத்தின் பிரதிகள் நேரத்துக்குத் தயாராகவில்லை; ஆகவே இதை முன்னால் தள்ளினார்கள். 1946 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கில் முதல் திரையிடல். அந்த வருடம் போரிலிருந்து திரும்பிய மூன்று வீரர்களைப் பற்றி வில்லியம் வைலர் எடுத்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' ஊரையே அள்ளிக்கொண்டு போனது. வைலர் வேறு யாருமல்ல. காப்ரா, ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் ஆகியோரோடு சேர்ந்து லிபர்ட்டி ஃபிலிம்ஸ் என்ற தனி நிறுவனத்தில் பங்காளி. அந்த நிறுவனத்தின் முதல் படம்தான் ஜார்ஜ் பெய்லியின் கதை. 30 லட்சம் டாலருக்கு மேல் விழுங்கிய படத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் நட்டம் என்று கணக்கு எழுதப்பட்டது. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி க்ரௌதர், படத்தின் உணர்ச்சிவசமே அதன் பலவீனம் என்று எழுதினார். 1947இலேயே லிபர்ட்டி ஃபிலிம்ஸ் பாரமவுண்ட் கைக்குப் போனது. அந்த உயரத்துக்குக் காப்ரா அதற்குப் பிறகு வரவே இல்லை. யாருடைய தயவும் இல்லாமல் தன் நிறுவனத்தில் தன் படம் எடுக்க வேண்டும் என்று கிளம்பிய மனிதரின் கனவு, அவர் மிகவும் நேசித்த படத்தோடு முடிந்துபோனது. எனக்கு இதை நினைத்தால் மனம் கனத்துவிடும்.

அதே 1947இல் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் குறிப்பு ஒன்றும் இந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்டது. வங்கி முதலாளியை ஊரே வெறுக்கும் கஞ்சனாகக் காட்டுவது கம்யூனிஸ்டுகள் வழக்கமாகக் கையாளும் உத்தி என்பது அதன் சாரம். காப்ரா குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தவர், ஸ்டூவர்ட்டும் அப்படியே. அவர்கள் எடுத்த படத்தில் பணக்காரனிடம் இருந்த கோபம் அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது என்றால், அந்தக் கோபம் பூசிவைத்த பூச்சு அல்ல என்றுதானே அர்த்தம்.

சரி, தோற்றுப்போன படம் எப்படி வீட்டுக்கு வீடு வந்தது? அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்துப் படங்களுக்குப் பதிப்புரிமை முதலில் 28 வருடம். அது முடியும்போது புதுப்பிக்க வேண்டும். கைமாறிக் கைமாறி இந்தப் படம் வந்து சேர்ந்திருந்த நிறுவனம் 1974இல் புதுப்பிக்கத் தவறிவிட்டது. அவ்வளவுதான். படம் பொதுச்சொத்து போல ஆனது. உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கொண்டாட்டம். டிசம்பரில் நேரத்தை நிரப்ப, காசு கொடுக்காமல் இரண்டு மணி நேரப் படம். ஒரே நாளில் பல நிலையங்களில் பல தடவை ஓடியது. எண்பதுகளில் வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளுக்கு, டிவியைப் போட்டாலே ஜார்ஜ் பெய்லி பனியில் ஓடிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கழித்துத் தன் படம் தானாக எழுந்து நடக்கத் தொடங்கியதைப் பார்த்து, பெற்ற பிள்ளை பெரிய ஆளாகிவிட்டதைப் பார்க்கும் தகப்பன் நிலையில் தான் இருப்பதாகக் காப்ரா சொன்னார். 1986இல் வண்ணம் பூசிய பதிப்பு வந்தபோது அவரும் ஸ்டூவர்ட்டும் கடுமையாக எதிர்த்தார்கள்.

இந்த இலவச ஓட்டம் நின்ற விதமும் சுவாரசியமானது. படத்தின் உரிமை போயிருந்தாலும் அடிப்படைச் சிறுகதையின் உரிமையும், டிமிட்ரி டியோம்கினின் இசை உரிமையும் உயிரோடு இருந்தன. 1990இல் வேறொரு படம் தொடர்பான வழக்கில், மூலக்கதையின் உரிமையாளரைத் தாண்டிப் படத்தைப் பயன்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'ஸ்டூவர்ட் எதிர் அபெண்ட்' என்ற அந்த வழக்கின் பெயரிலேயே இருக்கும் ஸ்டூவர்ட் சாட்சாத் இதே ஜேம்ஸ் ஸ்டூவர்ட்தான். வழக்குக்குக் காரணமான 'ரியர் விண்டோ' படத்தில் அவருக்கும் பங்கு இருந்தது. அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு 1993இல், புதுப்பிக்கத் தவறிய அந்த நிறுவனத்தின் வாரிசான ரிபப்ளிக் பிக்சர்ஸ் உரிமை கோரியது. 1994 முதல் என்.பி.சி. தொலைக்காட்சி மட்டும் வருடத்துக்கு ஓரிரு முறை ஒளிபரப்பும் வழக்கம் வந்தது.

பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள்: இலவசமாகக் கிடைத்தது, திரும்பத் திரும்பப் போட்டார்கள், பழகிவிட்டது என்று. எனக்கு இந்த விளக்கம் போதாது. புதுப்பிக்கத் தவறியதால் பொதுவில் வந்த பழைய படங்கள் எத்தனையோ. காப்ராவே 1941இல் எடுத்த 'மீட் ஜான் டோ' அவற்றில் ஒன்று. கேரி கூப்பர், பார்பரா ஸ்டான்விக் என்று பெரிய நட்சத்திரங்கள். அதன் உச்சக்கட்டமும் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு, கட்டட உச்சியிலிருந்து குதிக்கப்போகும் மனிதனைத் தடுப்பதுதான். நல்ல படம். அதையும் யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் எந்தக் குடும்பமும் அதை டிசம்பர் வழக்கமாக வைத்துக்கொள்ளவில்லை. வாசல் வரை கொண்டுவந்து விட்டது சட்டத்தின் ஓட்டை. வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தது வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோ என்ன என்று தேடினால், நான் முதலில் போய் நிற்பது பணத்திடம். வேறெந்தப் பண்டிகைப் படமும் பணத்தை இவ்வளவு நேர்மையாக எண்ணிப் பார்த்ததில்லை. தொகைகளைக் கவனியுங்கள். ஜார்ஜின் சம்பளம் வாரத்துக்கு 45 டாலர். பாட்டரே ஒருமுறை அதைச் சொல்லிக்காட்டுகிறான். அவன் விலை பேசும்போது நீட்டுவது வருடத்துக்கு 20,000. தொலைந்த 8,000 டாலர் அந்தச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றரை வருடக் கூலி. உதவி கேட்டுப் பாட்டரிடம் போய் நிற்கும்போது ஜார்ஜிடம் அடமானம் வைக்க இருப்பது 15,000 டாலர் ஆயுள் காப்பீடு மட்டும். அன்றைய நிலையில் அதன் மதிப்பு 500. அப்படியானால் நீ உயிரோடு இருப்பதைவிடச் செத்தால்தான் மதிப்பு அதிகம் என்கிறான் பாட்டர். ஜார்ஜைப் பாலத்துக்கு அனுப்புவது இந்தக் கூட்டல் கழித்தல்தான். கடன்காரன் வாசலில் நிற்க, எல்ஐசி பாலிசியை எடுத்துப் புரட்டிப் பார்த்த வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

வங்கிகள் ஆட்டம் கண்ட நாளில் சங்கத்தின் வாசலில் கூட்டம் கூடும் காட்சி இன்னும் நுணுக்கமானது. ஜார்ஜுக்கும் மேரிக்கும் அன்றுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது. டாக்ஸியில் தேனிலவுக்குக் கிளம்பிவிட்டார்கள். மழை. சங்கத்தின் கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே வந்தவர்கள் தங்கள் பணத்தைக் கேட்கிறார்கள். ஜார்ஜ் அவர்களுக்குச் சொல்லும் பதில், சின்னக் கூட்டுறவுச் சங்கம் எப்படி இயங்குகிறது என்பதற்குப் பாடம் போல இருக்கும்: உங்கள் பணம் இங்கே பெட்டியில் இல்லை, ஜோவின் வீட்டில் இருக்கிறது, அடுத்த வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறது, நீங்கள் கொடுத்ததை வைத்து அவர்கள் வீடு கட்டினார்கள், அவர்கள் மெல்ல மெல்லத் திருப்பிக் கட்டுவார்கள். உறுப்பினர் சேமிப்பு, உறுப்பினருக்கே கடன். மயிலாப்பூரில் 1872இல் தொடங்கிய இந்து பர்மனன்ட் ஃபண்ட் போன்ற நம் பழைய 'நிதி'களுக்கும் இதுதான் அடிப்படை. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த ஒழுங்கான சங்கமும் கவிழ்ந்துவிடும் என்பதும் இதிலேயே இருக்கிறது. காப்ராவுக்கு இது கைவந்த இடம். 1932இல், பொருளாதார மந்தத்தின் நடுவிலேயே, இப்படி ஒரு வங்கிக் கூட்டத்தை வைத்து 'அமெரிக்கன் மேட்னஸ்' என்ற படமே எடுத்திருந்தார்.

பேச்சு பாதிதான் வேலை செய்கிறது. பாட்டர் டாலருக்கு 50 சென்ட் தருவதாக ஆசை காட்டுகிறான். ஜனம் அந்தப் பக்கம் நகர்கிறது. அப்போது புது மணப்பெண் மேரி, தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை எடுத்துத் தூக்கிக் காட்டுகிறாள். முதல் ஆள் ஒருவன் கொஞ்சமும் இரங்காமல் தன் 242 டாலரை முழுதாக எண்ணி வாங்கிக்கொண்டு போகிறான். அடுத்து வருகிறவர்கள் இருபது, இருபது என்று குறைத்துக்கொள்கிறார்கள். ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி, பதினேழரை டாலர் கிடைக்குமா என்கிறார். ஜார்ஜ் எட்டி அவருக்கு ஒரு முத்தம் கொடுக்கிறான். மாலை ஆறு மணிக்குக் கதவை மூடும்போது கையில் மிச்சம் இரண்டு டாலர். எனக்கு இந்தக் காட்சியில் அந்த 242 டாலர்க்காரனும் முக்கியம். அவனையும் படம் ஒளிக்கவில்லை. ஊர் மக்கள் எல்லோரும் தங்கம் என்று சொல்லியிருந்தால், கடைசியில் அவர்கள் திரண்டு வருவதை நான் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்தது ஜார்ஜின் கோபம். நல்லவன் என்றால் புன்னகையோடு விட்டுக்கொடுப்பவன் என்று காட்டுவது எளிது. இவன் அப்படி இல்லை. தொலைபேசிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பணக்கார நண்பன் சாம் நியூயார்க்கிலிருந்து மேரியை அழைக்கிறான். ஒரே ரிசீவர், மேரியும் ஜார்ஜும் தலையோடு தலை சேர்த்து அதைக் காதில் வைத்துக் கேட்கிறார்கள். நண்பன் ஏதோ பிளாஸ்டிக் தொழில், முதலிலேயே பணம் போட்டால் லாபம் என்று பேசிக்கொண்டே போகிறான். இவர்கள் இருவருக்கும் அது காதில் விழவே இல்லை. ஜார்ஜின் மூக்கு மேரியின் தலைமுடியில் படும் தூரத்தில் இருக்கிறது. திடீரென்று போன் கீழே விழுகிறது. அவளைத் தோளைப் பிடித்து உலுக்கி, எனக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம், எனக்கு வேண்டியதைத்தான் நான் செய்வேன் என்று கிட்டத்தட்ட அழுதுகொண்டே கத்துகிறான். அடுத்த நொடி அவளை அணைத்துக்கொள்கிறான். காதலைச் சொல்லும் அதே மூச்சில் கனவுக்குச் சாவுமணி அடிக்கிறான். அவன் கண்ணில் இரண்டும் சேர்ந்தே தெரிகின்றன. காதல் காட்சியில் இவ்வளவு துக்கத்தை வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

அந்தக் கடைசி மாலையில் வீட்டுக்குள் நடப்பது அதைவிடக் கடினம். மூத்த மகள் பியானோவில் ஒரே கிறிஸ்துமஸ் பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகுகிறாள். மகன் ஒரு சொல்லுக்கு எழுத்துக்கூட்டக் கேட்கிறான். ஜார்ஜ் வெடிக்கிறான். நமக்கு எதற்கு இத்தனை பிள்ளைகள் என்று மனைவியிடம் கேட்டுவிடுகிறான். அறையின் மூலையில் ஒரு மேசை. அதில் அவன் சின்ன வயதிலிருந்து கட்ட நினைத்த பாலத்தின் மாதிரி. அதை உதைத்துத் தள்ளுகிறான். இத்தனை வருடமாக அதை வீட்டுக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்திருக்கிறான் என்பது நமக்கு அந்த நொடியில்தான் உறைக்கிறது. பிள்ளைகள் மிரண்டு நிற்கிறார்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் பண்டிகைப் படத்தில், அப்பா ஒருவர் இப்படி உடைவதைக் காட்டியிருக்கிறார்கள். பண்டிகை நாளில்தான் வீட்டில் பணக்கஷ்டம் அதிகமாக வலிக்கும், சத்தமும் அதிகமாகக் கேட்கும் என்பது தெரிந்தவர்கள் எழுதிய காட்சி இது.

பிறகு மார்ட்டினியின் மதுக்கடையில் அந்தப் பிரார்த்தனை. நான் கடவுளிடம் கேட்கிற ஆள் இல்லை, என்றாலும் வழி காட்டு என்று முணுமுணுக்கிறான். அதைப் படமாக்கும்போது ஸ்டூவர்ட் நிஜமாகவே அழுதுவிட்டார். கேமரா தூரத்தில் இருந்தது. அந்த அழுகை திட்டமிட்டது இல்லை, மறுபடி வராது. ஆகவே காப்ரா எடுத்ததை லேபில் ஃபிரேம் ஃபிரேமாகப் பெரிதாக்கி, அண்மைக் காட்சி ஆக்கினார். கவனித்துப் பார்த்தால் அந்த இடத்தில் படம் சற்றே சொரசொரப்பாகத் தெரியும். பிரார்த்தனைக்குக் கிடைக்கும் உடனடிப் பதில், பக்கத்து இருக்கைக்காரர் முகத்தில் விடும் ஒரு குத்து.

ஜார்ஜ் இல்லாத ஊரைக் காட்டும் பகுதியில் குறைகள் உண்டு. கல்யாணம் ஆகாமல் நூலகத்தில் வேலை பார்க்கும் மேரியை ஏதோ பெரிய துயரம் போலக் காட்டியிருப்பது இன்று நெருடுகிறது. படத்தின் மற்ற இடங்களில், வீட்டில் வேலை செய்யும் ஆனி என்ற கறுப்பினப் பெண்ணுக்குக் கேலிக்கான வேலையைத் தாண்டி அதிகம் கொடுக்கவில்லை. இவற்றைத் தாண்டியும் அந்தப் பகுதியை நிமிர்த்துவது, உலகத்தையே புரட்டிப்போடும் பெருமை எதையும் ஜார்ஜுக்கு அது சூட்டவில்லை என்பது. கணக்கு சின்னச் சின்னதாகத்தான் வருகிறது. பன்னிரண்டு வயதில் மருந்துக்கடையில் வேலை பார்த்தபோது, மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் முதலாளி தவறுதலாக விஷத்தை அடைத்துவிட்டதை இவன் கண்டுபிடித்தான்; இவன் இல்லாததால் அந்தக் கிழவர் சிறைக்குப் போனார். குளத்தில் விழுந்த தம்பியை இழுக்க ஆள் இல்லை. ஆகவே அந்தத் தம்பி போரில் காப்பாற்றிய கப்பல் நிறைய வீரர்களும் இல்லை. செவிட்டுக் காது அங்கே நன்றாகக் கேட்கிறது. மகள் கொடுத்த ரோஜா இதழ்கள் பையில் இல்லை. மறுபடி தன் உலகத்துக்கு வந்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரிவது, உதட்டில் ரத்தமும் பையில் அந்தக் கசங்கிய இதழ்களும் திரும்ப வரும்போதுதான்.

அப்புறம், பாட்டருக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்த 8,000 டாலர் கடைசிவரை அவனிடமேதான். யாரும் கண்டுபிடிப்பதில்லை, யாரும் தண்டிப்பதில்லை. குற்றவாளி தண்டனை பெற்றே ஆக வேண்டும் என்ற தணிக்கை விதி ஹாலிவுட்டை ஆண்டுகொண்டிருந்த காலத்தில் இது. ஜார்ஜ் உலகம் சுற்றவும் இல்லை, பாலம் கட்டவும் இல்லை. வீட்டுக்குள் கைது ஆணையோடு ஆட்கள் நிற்பது அப்படியே இருக்கும்போதுதான் அவன் குமிழுக்கு முத்தம் கொடுக்கிறான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஊர் ஜனம் பணத்தோடு வருவது அதற்குப் பிறகு. எந்தப் பிரச்சினையும் தீர்வதற்கு முன்பே அவனுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. மேசைமேல் வந்து விழும் நோட்டுகள் ஒவ்வொன்றுக்கும், முன்னால் நாம் பார்த்த ஏதோ ஒரு நாள் பின்னணியில் இருக்கிறது.

இதழ்களைக் கொடுத்த சின்ன மகள் ஸூஸூவாக நடித்தவர் கரோலின் கிரைம்ஸ். அப்போது ஆறு வயது நிறையாத பிள்ளை. பதின்ம வயதிலேயே அம்மாவையும் அடுத்து அப்பாவையும் இழந்து, ஹாலிவுட்டை விட்டு மிசூரி மாநிலத்துச் சிற்றூருக்குப் போய், மருத்துவ ஆய்வக வேலை பார்த்து, குடும்பம் நடத்தினார். படம் டிவியில் ஊரெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு நிருபர்கள் தேடி வந்து கதவைத் தட்டினார்கள். அதுவரை அவர் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததே இல்லை. நாற்பதை ஒட்டிய வயதில்தான் உட்கார்ந்து பார்த்தார். அப்பாவின் முதுகில் தொற்றிக்கொண்டு அந்த மாடிப்படியில் இறங்கி வரும் சின்னப் பெண்ணை.